நான்காம் கணுவுக்கு மேல்

மலையடிவாரத்து நெல்லித் தோப்பில் பூச்சி பிடிக்க வைத்த மஞ்சள் தட்டில் அந்தக் குளவி விழுந்து கிடந்தது. எள்ளைவிடக் கொஞ்சம் நீளம். புழுவின் உடம்புக்குள் முட்டையிட்டுப் பிழைக்கும் ஒட்டுண்ணிக் குளவி. அதுவரை யாரும் பார்த்துப் பெயர் வைக்காத இனம். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை தட்டு வைத்தார்கள். இன்னொன்று அகப்படவில்லை.

புது இனம் என்றால் அதன் உடம்பைத் தலையிலிருந்து வால் வரைக்கும் எழுதி, படமும் வரைந்து வைக்க வேண்டும். அந்த வேலை முத்துப்பேச்சிக்கு வந்தது.

முத்துப்பேச்சி கல்யாணமாகி, பிள்ளை பெற்று, அதற்கப்புறம் படிக்க வந்தவள். அவளுக்குக் கற்றுக்கொடுத்த ஜெபக்கனி அவளைவிட வயதில் இளையவர். ஆய்வுக்கூட வாசலுக்கு வெளியே ஜெபக்கனி அவளை "அக்கா" என்பார். வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் வெறும் "பேச்சி"தான்.

முத்துப்பேச்சிக்கு இரட்டைப் பெண்கள். இயலினி, மகிழினி. போன மழைக்காலத்தில் வந்த காய்ச்சலில் மகிழினி போய்விட்டாள்.

அன்று காலை எழுதியதை எடுத்துக்கொண்டு ஜெபக்கனியின் மேசைக்கு வந்தாள்.

"படிங்க பேச்சி."

"தலை கறுப்பு. முகம் முழுக்க ஊசியால குத்தின மாதிரி குழி. மார்பு தேன் நிறம். இடுப்பு நூல் மாதிரி."

"எந்த நூல்? ஜாக்கெட் தைக்கிறதா, சாக்கு தைக்கிறதா?"

முத்துப்பேச்சி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அளந்து எழுதிடறேன் மேடம்."

"ம். மேல."

"முன் இறக்கையில புகை படிஞ்ச மாதிரி ஒரு திட்டு. முட்டையிடுற ஊசி, வயித்து நீளத்துக்கு இருக்கு. நுனி கீழ்ப்பக்கமா வளைஞ்சிருக்கு."

"உணர்கொம்பு?"

முத்துப்பேச்சி படத்தை நகர்த்தி வைத்தாள். நெற்றியிலிருந்து இரண்டு கொம்புகள், மணி கோத்தாற்போல் கணுக்கணுவாக, இரண்டு பக்கமும் அழகாக வளைந்து இறங்கின.

ஜெபக்கனி படத்தைப் பார்த்தார். நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக் குளவியைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"வலது கொம்பு எப்ப முளைச்சது?"

முத்துப்பேச்சி படத்தை எட்டிப் பார்த்தாள்.

"நாலு கணுவோட நிக்குது இங்க. உங்க கை பட்டு ஒடிஞ்சதா?"

"இல்ல மேடம். தட்டுல எடுக்கும்போதே அப்படித்தான். இடதைப் பார்த்து வலதையும் போட்டுட்டேன். எல்லாக் குளவிக்கும் ரெண்டும் ஒண்ணு போலத்தானே இருக்கும்."

"இந்தக் குளவிக்கு?"

"பார்க்கவே என்னமோ மாதிரி இருந்துச்சு மேடம். அதான்."

"அப்ப என் முகத்தையும் ஒருநாள் வரைஞ்சு கொடுங்க. கடவாய்ப் பல்லு ரெண்டு போயிட்டு எனக்கு."

முத்துப்பேச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாய் கோணிக்கொண்டது. முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

ஜெபக்கனி நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க. என்ன?"

"நேத்து பஸ்ல ஒரு அம்மா. மடியில இருந்த இயலினியைக் கொஞ்சிட்டு, எத்தனை பிள்ளைங்கன்னு கேட்டாங்க. ஒண்ணுன்னு சொல்லிட்டேன் மேடம்."

"ம்."

"ரெண்டுன்னா இன்னொண்ணு எங்கம்பாங்க. சொன்னா அவங்க அழுவாங்க. பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். ஒண்ணுன்னா பேச்சு அதோட முடிஞ்சிரும்னு நினைச்சேன்."

"முடிஞ்சுதா?"

"அந்தம்மாவுக்கு முடிஞ்சிட்டு. இவ மடியை விட்டு இறங்கி, ஊர் வர்ற வரைக்கும் கம்பியைப் பிடிச்சிட்டு நின்னா. வீட்டுல வந்து கேக்கா, நானும் செத்துப்போனா உனக்குப் பிள்ளையே இல்லன்னு சொல்லுவியான்னு."

ஜெபக்கனி தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார்.

"காலையில ரெட்டைச்சடை போட என்கிட்ட வரல. அவளே ஒத்தையா முடிஞ்சுகிட்டு பள்ளிக்கூடம் போயிட்டா. திரும்பிக்கூடப் பார்க்கல. இனிமே யாராவது கேட்டா என்ன சொல்லட்டும் மேடம்? ஒண்ணுன்னா அவ என்னை விட்டுப் போறா. ரெண்டுன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

ஜெபக்கனி டிராயரைத் திறந்து ரப்பரை எடுத்து நீட்டினார்.

"அழிங்க."

முத்துப்பேச்சி வலது கொம்பை நுனியிலிருந்து அழித்துக்கொண்டே வந்தாள். நான்காம் கணுவில் கை நின்றது. குனிந்து ரப்பர் தூளை ஊதினாள். தாளில் அந்த இடம் மட்டும் பளிச்சென்று வெள்ளையாகக் கிடந்தது.

"இப்ப எழுதுங்க. உணர்கொம்பு எத்தனை?"

முத்துப்பேச்சி குளவியைப் பார்த்தாள். "ஒண்ணு."

"படிக்கிறவன் ஒத்தைக்கொம்புக் குளவின்னு நம்பிருவான். சரியா?"

"இல்ல மேடம்."

"அப்ப?"

"ரெண்டு."

"தட்டுல ரெண்டா கிடந்துச்சு?"

முத்துப்பேச்சி பேனாவை மேசைமேல் வைத்துவிட்டாள்.

ஜெபக்கனி அதை எடுத்து அவள் விரலுக்குள் திருப்பி வைத்தார். ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"உணர்கொம்பு, ஒரு ஜோடி. இடது முழுமையானது. வலது, நான்காம் கணுவுக்கு மேல் இல்லை."

முத்துப்பேச்சி எழுதினாள். கடைசிச் சொல்லில் பேனா நகர மறுத்தது.

"இல்லாததை எதுக்கு மேடம் எழுதணும்?"

"இந்தக் குளவிக்குத் தும்பிக்கை இல்லைன்னு எழுதினீங்களா?"

"அது இருந்ததே இல்லையே மேடம்."

ஜெபக்கனி அவள் தோளில் கை வைத்தார்.

"இருந்ததைத்தான் இல்லைன்னு எழுத முடியும், அக்கா."