முரசு சொல்லாத சொல்

மாதம் மும்மாரி பெய்த காலமெல்லாம் போய், மூன்று வருஷத்துக்கு ஒரு தூறல் விழுந்த காலத்திலே, கருவேலநாட்டை மகுடபூபதி என்றொரு ராசா ஆண்டுவந்தான். ராசாவைப் பழித்தவன் நாக்கை அறுப்பது என்று ஒரு சட்டம் போட்டிருந்தான். காதில் ஓதிப் போடவைத்த புண்ணியவான் தளவாய் நாகலிங்கம்.

தண்டனைக்கு முன்னால் குற்றத்தை நாலு தெருவிலும் முரசறைந்து சொல்வது அந்த ஊர் முறை. அறைகிறவன் முத்திருளன். போன மாதம் பூக்காரி அலமேலிக்காக அறைந்தான். பழிச்சொல்லைத் திருப்பிச் சொன்னால் தன் நாக்கும் போகுமே! "சொல்லக்கூடாததைச் சொன்னாள்" என்று மட்டும் கூவிவிட்டு வந்தான். அன்றே அவள் நாக்கு போயிற்று.

இப்போது சபையில் நிற்பது அவனுடைய அண்ணன் சடையன். ஏரி வெட்டப் போன மகன் மண் சரிந்து செத்தான். அழுத அழுகையில் ராசா பேரும் வந்துவிட்டது. முத்திருளனுக்கு முரசைத் தூக்கக் கை எழவில்லை.

"போன மாதம் போலவே போய் அறையடா!" என்றான் தளவாய்.

மந்திரி திருமேனியார் எழுந்தார். "மகாராசா, போன மாதம் அலமேலி என்ன சொன்னதாக ஊரார் நினைத்தார்களாம்? தெருத்தெருவாகப் போனவன், இவனைக் கேளுங்கள்."

"சொல், உன்னை ஒன்றும் செய்யமாட்டேன்" என்றான் ராசா.

முத்திருளன் அண்ணன் முகத்தைப் பார்த்தான். "சாமி, செக்கார் தெருவிலே, எண்ணெய் வரியைச் சொல்லியிருப்பாள்னாங்க. தச்சர் தெருவிலே, பஞ்சத்திலே நீங்க யானைக்குக் கல்யாணம் பண்ணினதைன்னாங்க. உழவர் தெருவிலே, ஏரியிலே செத்த பிள்ளைகளைன்னாங்க."

"பார்த்தீர்களா தளவாயாரே! அவள் சொன்னது ஒன்று. உம்முடைய சட்டம் அதை மறைத்ததால் தெருவுக்கு ஒன்றாகிவிட்டது" என்றார் மந்திரி. "அப்படி என்னதான் சொன்னாள்?"

"உங்கள் பல்லக்குத் தூக்கிகள் பூக்கூடையை மிதித்துவிட்டார்கள். ராசா கண்ணைத் திறந்து பார்க்கக்கூடாதா என்றாள்" என்றான் தளவாய்.

"அவ்வளவுதானா?" என்றான் ராசா.

சட்ட ஓலை அங்கேயே முறிந்தது. சடையனின் கட்டு அவிழ்ந்தது. மந்திரிக்கு முத்துமாலை, முத்திருளனுக்குப் பட்டு. அலமேலி சொன்னதை முழுசாகச் சொல்லி, சட்டம் ஒழிந்ததென்று தளவாயே நாலு தெருவிலும் முரசறைய வேண்டும் என்று தீர்ப்பு. முத்திருளன் வழிகாட்டிப் போனான்.

அலமேலி வாசலில் பூக் கட்டிக்கொண்டிருந்தாள். தளவாய் அவள் சொல்லை உரக்கக் கூவினான். அவள் அவனைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. முத்திருளன் தனக்குக் கிடைத்த பட்டை அவள் காலடியில் வைத்தான். அவள் அதை ஒதுக்கிவிட்டு, முரசைக் காட்டி, முத்திருளனைக் காட்டி, கடைசியில் நாக்கில்லாத தன் வாயைத் திறந்து காட்டினாள்.