மொட்டைப்பாறை தலைமை வகித்த ஆறு மாதம்

புத்திசாலிகளின் கதையை அவர்களே சொல்லிக்கொள்வார்கள், கேட்காவிட்டாலும் சொல்வார்கள். மொட்டைப்பாறைக்காரர்களுக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. அதனால் நான் சொல்லவேண்டியிருக்கிறது.

ஒரு மலையைச் சுற்றி ஏழு குட்டி நாடுகள் இருந்தன. ஒரு நாட்டில் கடுகு தாளித்தால் அடுத்த நாட்டில் தும்முவார்கள், அவ்வளவு குட்டி. ஆனாலும் நாடு என்றால் நாடுதான். கொடி இருந்தது, மந்திரிகள் இருந்தார்கள், கோழி எல்லை தாண்டினால் விசாரணையும் இருந்தது. ஏழும் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்திருந்தன. ஆறு மாதத்துக்கு ஒரு நாடு என்று தலைமை முறைவைத்துச் சுற்றி வரும். மற்ற நாடுகள் என்னென்னவோ சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டும் பயனில்லாமல், கடைசியில் முறை மொட்டைப்பாறைக்கு வந்துவிட்டது.

மொட்டைப்பாறை இருப்பது மலைக் கணவாயில். அங்கே அடிக்கிற காற்றுக்கு வீட்டுக் கூரைகளைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருப்பார்கள். காற்றுக்குத்தான் பஞ்சமில்லை, கரண்டுக்குப் பஞ்சம். சாயங்காலம் ஒரு மணி நேரம் வரும், அதுவும் பக்கத்து நாட்டார் மனது வைத்தால்.

இதனால் அந்த நாட்டில் இட்லி நின்றுபோயிருந்தது. நாட்டுத் தலைவர் ஆவுடையப்பனின் மனைவி கோமு கிரைண்டர் கடை வைத்திருந்தாள். நாடு முழுவதற்கும் அவள்தான் மாவு ஆட்டிக் கொடுப்பாள், ஒரு மணி நேரக் கரண்டில் அது நடக்கிற காரியமா? அந்தக் கிரைண்டர் வந்த புதிதில், இனி ஆட்டுரல் எதற்கு என்று எல்லா வீட்டு ஆட்டுரலையும் உருட்டிக்கொண்டு போய் நாட்டின் எல்லைக் கல்லாக நட்டுவிட்டார்கள். கரண்ட் குறைந்த பிறகு அவற்றைத் திரும்ப எடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். எடுத்தால் நாடு எங்கே முடிகிறது என்று தெரியாமல் போய்விடும் என்று மற்றவர்கள் பயந்தார்கள். ஆகவே கஞ்சியே குடித்து வந்தார்கள்.

தலைமை கிடைத்த செய்தி வந்ததும் கோமு புருஷனைக் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"இந்தா பாருங்க, தலைமைங்கீங்க, மாலைங்கீங்க, எனக்கு அதெல்லாம் வேண்டாம். இந்த ஆறு மாசத்துல ஊருக்குக் கரண்ட் வரணும். என் கிரைண்டர் சுத்தணும். நாலு பேரு வீட்டுல இட்லி வேகணும். இல்லேன்னா அதுக்கப்புறம் ஒமக்கு இந்த வீட்டுல கஞ்சியும் கெடையாது."

ஆவுடையப்பன் ஆகட்டும் என்றார். மனதார்த்தான் சொன்னார். அவருக்கும் இட்லி என்றால் உயிர்.

தலைமையை ஒப்படைக்கச் சுனைப்பட்டி நாட்டின் தலைவர் வைகுண்டம் வந்தார். ஏழு நாட்டிலும் கெட்டிக்காரர் என்று பெயரெடுத்தவர். இந்த முறை கரண்டும் பருவநிலையும்தான் முக்கிய வேலை என்று அவர் விளக்கினார். அடுப்புப் புகையைப் பாதியாகக் குறைக்க வேண்டும், கரண்டை மிச்சம் பிடிக்க வேண்டும், ஏழு நாடும் சேர்ந்து வாங்கியிருக்கிற காற்றாலையை எந்த நாட்டில் வைப்பது என்று தவணைக்குள் முடிவு கட்ட வேண்டும், எதையும் தலைமை நாடு முதலில் செய்துகாட்டவேண்டும் என்றார். கிளம்பும்போது தோளில் கைபோட்டுத் தனியாக ஒன்று சொன்னார்.

"தலைமை நாடு தன் நலம் பாக்கப்படாது வே. மத்த நாட்டுக்குத்தான் பாக்கணும். எத மறந்தாலும் இத மறந்திராதேயும்."

மறக்க மாட்டேன் என்றார் ஆவுடையப்பன். மறந்து தொலைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

உடனே இரண்டு மந்திரிகளை நியமித்தார். நாட்டில் டார்ச் லைட் வைத்திருந்தவர் மாசானம் ஒருவர்தான், ஆகவே அவர் எரிசக்தி மந்திரி. அந்த டார்ச்சுக்குள் பேட்டரி கிடையாது என்பது வேறு விஷயம். மழை வருவதற்கு முன்னால் முழங்கால் வலிக்கும் என்பதால் பிரமநாயகம் பருவநிலை மந்திரி ஆனார். மூவரும் உட்கார்ந்து முதலில் புகை விஷயத்தை எடுத்தார்கள்.

"பாதிப் புகைன்னா என்னவே கணக்கு?" என்றார் ஆவுடையப்பன்.

"ஒரு பானைச் சோறு வேக எவ்வளவு புகை வருதோ, அதுல பாதி," என்றார் பிரமநாயகம்.

"அப்ப பாதி வெந்ததும் எறக்கிரணும்."

"மீதிப் பாதி?"

"அத நாளைக்கு அடுப்புல ஏத்தணும். ரெண்டு பாதி சேந்தா சோறு வெந்துரும்லா. ஆனா எந்த நாளும் பாதிப் புகைக்கு மேல போவாது."

மாசானம் எழுந்து நின்று தலைவருக்குக் கும்பிடு போட்டார். மறுநாளிலிருந்து சட்டம் அமலுக்கு வந்தது. பொறுமை உள்ளவர்கள் இன்று ஏற்றிய சோற்றை நாளை தின்றார்கள், அது அதற்குள் புளித்திருந்தது. பொறுமை இல்லாதவர்கள் பாதி வேக்காட்டிலேயே தின்றார்கள். நாடு முழுக்க வயிறு உப்பிக்கொண்டது. அதனால் கிளம்பிய வாயுவை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று பிரமநாயகம் கூட்டமைப்புக்கு எழுதிக் கேட்டார். பதில் வரவில்லை.

அடுத்தது கரண்டை மிச்சம் பிடிப்பது. இது மாசானத்தின் இலாகா. சாயங்காலம் வருகிற ஒரு மணி நேரக் கரண்டை யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு போட்டார். கரண்ட் இருக்கிற நேரம் முழுவதும் மெயினை அணைத்துவிட்டு நாடே இருட்டில் உட்கார்ந்திருந்தது. கரண்ட் போனதும் தண்டோரா போட்டார்கள். உடனே எல்லாரும் மிச்சம் பிடித்த கரண்டைச் செலவழிக்க விளக்கு, விசிறி, ரேடியோ எல்லாவற்றையும் போட்டார்கள். ஒன்றும் எரியவில்லை, ஒன்றும் சுற்றவில்லை.

"இன்னும் சேரல," என்றார் மாசானம். "உண்டியல்ல மொத நாளே கைய விட்டா என்ன இருக்கும்? ஒரு மாசம் போட்டும்."

ஒரு மாதம் போனது. கோமுவுக்கு முன்பாவது அந்த ஒரு மணி நேரத்தில் சட்னிக்குப் பொட்டுக்கடலை அரைக்க முடிந்தது, இப்போது அதுவும் போயிற்று. அவள் மாசானத்தைத் தேடிக்கொண்டு போனாள். மாசானம் டார்ச்சோடு மலைமேல் ஏறிவிட்டார்.

கடைசியில் காற்றாலை விஷயம் வந்தது. ஏழு நாட்டுத் தலைவர்களும் மொட்டைப்பாறையில் கூடினார்கள். இன்று எப்படியும் நல்ல முடிவு வரும் என்று கோமு காலையிலேயே அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டுவிட்டு வந்து கூட்டத்தின் பின்வரிசையில் நின்றாள்.

இந்த மலையைச் சுற்றி ஓயாமல் காற்று அடிப்பது மொட்டைப்பாறைக் கணவாயில் மட்டும்தான் என்று இன்ஜினியர்கள் சொல்லியிருந்தார்கள். வேறு எங்கே வைத்தாலும் அதில் துணி காயப்போடலாம், அவ்வளவுதான். ஆறு தலைவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வயிற்றெரிச்சல்தான், ஆனாலும் வேறு வழியில்லை. மொட்டைப்பாறைக்கே கொடுக்கலாம் என்று ஆறு கைகளும் உயர்ந்தன. தலைவர் 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

ஆவுடையப்பன் எழுந்தார்.

"ஆறு பேரும் கூடிக்கிட்டுத் தலைமைக்கு லஞ்சம் குடுக்கப் பாக்கீங்க," என்றார்.

வைகுண்டம் பதறிப்போனார். "லஞ்சம் இல்லவே. ஒம்ம ஊர்லதான காத்து அடிக்கு."

"காத்து நாங்க தலைமைக்கு வாரதுக்கு முன்னாலயே அடிச்சிக்கிட்டுதான் கெடக்கு, அது எங்க நலத்துல சேராது. காத்தாலை சேரும். தலைமை நாடு தன் நலம் பாக்கப்படாதுன்னு நீருதான சொன்னீரு?"

ஆவுடையப்பன் பின்வரிசைப் பக்கம் திரும்பவே இல்லை. கோமுவின் முகத்தைப் பார்த்திருந்தால் மனிதர் அங்கேயே அழுதிருப்பார். அவரை முட்டாள் என்று சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். யோக்கியர் இல்லை என்று யாரும் சொல்லக் கூடாது.

காற்றாலையைச் சுனைப்பட்டிக்குக் கொடுப்பதாக அவர் அறிவித்தார். தங்கள் பள்ளத்தாக்கில் பீடிப் புகைகூட நேராகத்தான் ஏறும், அங்கே வைத்து என்ன செய்ய என்று வைகுண்டம் கையெடுத்துக் கும்பிட்டார். மற்ற ஐந்து நாடுகளும் அப்படியே கும்பிட்டன. கடைசியில், காற்றாலை ஏழு நாட்டுக்கும் பொது என்று தீர்மானம் போட்டுவிட்டுக் கலைந்தார்கள். கோமு ஊறின அரிசியை உலையில் போட்டுக் கஞ்சி காய்ச்சினாள்.

காற்றாலை லாரியில் வந்தது. கணவாய்க்கு மேல் லாரி போகாது. அதனால் அங்கேயே இறக்கினார்கள், இறக்கின இடத்திலேயே ஆட்கள் அதை நிறுத்திவிட்டுப் போனார்கள். இரட்டைப் பனை உயரம் இருக்கும். நிறுத்தின அன்றைக்கே விர்ரென்று சுற்றவும் தொடங்கிவிட்டது. ஆனால் கம்பி இழுக்கவில்லை. எந்தப் பக்கம் இழுத்தாலும் அந்தப் பக்கத்து நாட்டுக்குச் சலுகை ஆகிவிடும் என்று ஆவுடையப்பன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"ஏழு நாட்டுக்கும் சமமாக் குடுக்கு பாத்தீரா," என்று அண்ணாந்து பார்த்துப் பெருமைப்பட்டார் பிரமநாயகம். "ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல."

கோமு தினமும் வாசலில் நின்று அதைப் பார்ப்பாள். தன் கிரைண்டர் சுற்றாமல் கிடக்க, யாருக்கும் வேண்டாத அந்த இறக்கைகள் ஓயாமல் சுற்றுவதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆத்திரம் வந்தது. ஆத்திரத்தில் ஒரு யோசனையும் வந்தது.

"கரண்ட் எடுத்தாதான அது நம்ம நலம்?" என்று புருஷனிடம் கேட்டாள். "அது சும்மா சுத்துதுல்லா, அந்தச் சுத்த மட்டும் எடுத்தா யாரு நலம்?"

ஆவுடையப்பன் மந்திரிகளைக் கூட்டி ஆலோசித்தார். மூவருக்கும் பதில் தெரியவில்லை. பதில் தெரியாத கேள்வி சரியாகத்தான் இருக்கும் என்று அனுமதி கொடுத்தார்கள்.

மறுபடியும் அரிசியும் உளுந்தும் ஊறின. நாடே கூடி, கிரைண்டரின் பெரிய டிரம்மைக் கல்லோடு கப்பி போட்டு இழுத்து மேலே ஏற்றியது. இறக்கைகளுக்குப் பின்னால் சுற்றுகிற தண்டோடு அதைச் சேர்த்துக் கட்டினார்கள். கோமு ஏணியில் ஏறி ஊறினதைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். டிரம் சுற்றியது. மாவு வெண்ணெயாக அரைபட்டுப் பொங்கி வந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த வாசனை. கீழே நின்றவர்களில் சிலருக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது காற்று வலுத்தது. கோமு மூடியைக் கேட்டாள். மேலே கொண்டுபோனால் காற்றில் பறந்துவிடும் என்று மாசானம் மூடியைப் பத்திரமாக வீட்டில் பூட்டி வைத்திருந்தார்.

டிரம் ராட்டினம்போல் சுற்றியது. மாவு விசிறியடித்துக்கொண்டு கிளம்பியது. மலைக்காற்றுக்கு ஒரு திசையா இரண்டு திசையா, அது சுழற்றிச் சுழற்றி மாவை ஆறு நாட்டின் மேலும் தூவியது. சித்திரை மாத உச்சி வெயில். தகரக் கூரையிலும் பாறையிலும் விழுந்த மாவு சொய்யென்று வெந்தது. ஆறு நாட்டு ஜனங்களும் வெளியே வந்து பார்த்து, பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார்கள். நல்ல முறுகலான தோசை. நேராகக் கீழே இருந்த மொட்டைப்பாறையில் மட்டும் ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

"பாத்தியா கோமு," என்றார் ஆவுடையப்பன். "நமக்கு ஒண்ணுகூட விழல. இதுதான் தலைமைங்கிறது."

கோமு காலி டிரம்மை வழித்துப் பார்த்தாள். பிறகு இறங்கி வந்து ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்து அழுதாள்.

கூட்டமைப்பு அவசரமாகக் கூடியது. அடுப்புப் புகை இல்லாமல், ஒரு பொட்டுக் கரண்ட் இல்லாமல் ஆறு நாட்டுக்குச் சுடச்சுடச் சாப்பாடு போட்ட தலைமை இதுவரை இருந்ததில்லை என்று எல்லாரும் பாராட்டினார்கள். மொட்டைப்பாறையே இன்னும் ஆறு மாதம் தலைமை வகிக்கட்டும், மாவு வாராவாரம் வரட்டும் என்று தீர்மானம் ஆயிற்று.

கோமுவின் அழுகை மந்திரிகளுக்கும் மனதை அறுத்தது. நாமும் தின்ன வேண்டும், ஆனால் தன் நலமும் பார்க்கக் கூடாது, என்ன செய்வது என்று வெகுநேரம் யோசித்தார்கள். பிரமநாயகம்தான் வழி கண்டுபிடித்தார்.

"நம்ம நாட்டுல நின்னு தின்னாதான தன் நலம்? சுனைப்பட்டில போய் நிப்போம். அங்க நாம விருந்தாளி. விருந்தாளி சாப்பிட்டா அது வீட்டுக்காரனுக்குத்தானவே புண்ணியம்."

கோமு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த வாரம் அரிசியும் உளுந்தும் ஊறின. ஊறினதை அண்டாவோடு காற்றாலையின் உச்சியில் டிரம் பக்கத்தில் ஏற்றி வைத்துவிட்டு, மொட்டைப்பாறை ஜனங்கள் ஒருவர் பாக்கியில்லாமல் தட்டை எடுத்துக்கொண்டு சுனைப்பட்டிக்கு இறங்கினார்கள். நாட்டிலேயே பெரிய தாம்பாளத்தோடு கோமு முன்னால் நடந்தாள்.

சுனைப்பட்டியில் ஏற்கெனவே கூட்டம். எல்லாரும் தட்டை ஏந்தி அண்ணாந்து நின்றார்கள். மேலே கணவாயில் காற்று நன்றாக அடித்தது, காலி டிரம் விர்ரென்று சுற்றுவது இங்கிருந்தே தெரிந்தது. வெயில் ஏறியது. ஒன்றும் விழவில்லை.

வைகுண்டம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கெட்டிக்காரர் என்று சொன்னேனே, அவருக்கு மட்டும் ஒரு சந்தேகம் தோன்றியிருந்தது.

"ஏன் வே, நீங்க எல்லாரும் இங்க நிக்கீங்க. மேல மாவு ஆட்ட யாரு இருக்கா?"

ஆவுடையப்பன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"நாங்களே ஆட்டி நாங்களே தின்னா அது தன் நலம் ஆயிருமில்லா?"

வைகுண்டம் சற்று நேரம் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார். எப்படிப் பார்த்தாலும் சரியாகத்தான் பட்டது. வீட்டுக்குள் போய் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வந்து, நல்ல இடமாகப் பார்த்துக் கோமுவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.