நான்கு ராணிகளும் ஒரு எதிராளியும்

கொழும்பில் ஒரு சூதாட்ட விடுதி. அதன் கடைசி மேசையில் ஐம்பத்திரண்டு சீட்டுகள் வாழ்ந்துவந்தன. இஸ்பேட் ராணி அவற்றில் ஒருத்தி.

பகல் வேளையில் அந்த மேசைக்கு ஒரே ஒருவர்தான் வருவார். பெயர் அருமைநாயகம். மனைவி இறந்துவிட்டாள், மகள் கனடாவில். எதிரே டீலராக நிற்பவள் யோகமலர். அவர் பந்தயமாக ஒரு சில்லு வைத்ததும், அவருக்கு ஐந்து சீட்டு, தனக்கு ஐந்து சீட்டு போடுவாள். தன்னுடையதில் ஒன்றை மட்டும் திறந்து காட்டுவாள். கையில் வந்த சீட்டுகளைப் பார்த்துவிட்டு அவர் ஆட்டத்தை விடலாம். இல்லையென்றால் முதலில் வைத்த சில்லோடு இன்னும் இரண்டு சேர்த்து வைத்து மோதலாம்.

ராணி அவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். சீட்டைப் பிரிக்கும்போது அவர் உதடு லேசாக அசையும், யாரிடமோ பேசுவதுபோல.

ஒரு நாள் அவருடைய விரல்களுக்குள் போய்ச் சேர்ந்த ராணி திகைத்துப்போனாள். பக்கத்தில் ஆட்டின் ராணி. அதற்கடுத்து கிளாவர், டயமண்ட்.

"நாலு பேருமா?" என்றாள் ஆட்டின் ராணி. "இத்தனை வருஷத்தில் நாம் இப்படிக் கூடியதே இல்லையடி!"

"இன்றைக்கு இவரை யாராலும் அசைக்க முடியாது" என்றாள் இஸ்பேட் ராணி.

அருமைநாயகம் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டு சில்லுகளை முன்னே தள்ளினார். யோகமலர் தன் சீட்டுகளைத் திருப்பினாள். ஒன்பது, ஏழு, குலாம், நாலு, மூன்று.

"என்கிட்ட ஏஸும் ராஜாவும் சேர்ந்து இல்லை, ஐயா. ஒரு ஜோடிகூட இல்லை" என்றாள் அவள். "ரெண்டில ஒண்டாவது இல்லாட்டி டீலர் ஆட்டத்துக்கே வர ஏலாது. முதல் சில்லுக்கு மட்டும் இன்னொரு சில்லு தருவோம். பிறகு வச்சதை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கோ."

"என்ர கையைப் பார், பிள்ளை. நாலு ராணி!"

"பார்த்தேன், ஐயா. ஆனா மோத ஆளில்லையே."

எதிர்ப்பக்கத்து ஒன்பது தலைகுனிந்து சொன்னது: "மன்னித்துக்கொள்ளுங்கள், ராணிகளே. உங்களுக்கு எதிரே நிற்க எங்களால் முடியவில்லை."

அவர் சில்லுகளைத் திரும்ப எடுத்துக்கொண்டார். நாற்காலிகள் காலியாகக் கிடந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். யாராவது கண்டிருப்பார்களா என்று தேடியதுபோல் இருந்தது. யோகமலர் சீட்டுகளை வாரினாள். நான்கு ராணிகளும் பிரிந்து கட்டுக்குள் போனார்கள்.

அடுத்த ஆட்டத்தில் இஸ்பேட் ராணி டீலர் பக்கம் விழுந்தாள். திறந்து வைத்த சீட்டு அவள்தான். மூடிக் கிடந்த சீட்டுகளுக்குள்ளிருந்து டயமண்ட் ராணி கிசுகிசுத்தாள்: "நானும் இங்கேதான் இருக்கிறேன்."

அருமைநாயகத்தின் கையில் ஜோடியாக இருந்தவை வெறும் இரண்டு நாலுகள். அவர் ராணியின் முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"வேண்டாம், விட்டுவிடுங்கள்!" என்று கத்தினாள் ராணி. "நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம்!"

மனிதருக்குச் சீட்டின் குரல் கேட்காது. அவர் இரண்டு சில்லுகளையும் வைத்தார்.

யோகமலர் திருப்பினாள். "ராணி ஜோடி, ஐயா. இந்த முறை நான் ஆட்டத்துல இருக்கிறன். நீங்க தோத்திட்டீங்க." சில்லுகளை வாரும்போது அவள் குரல் தாழ்ந்திருந்தது.

ராணியால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவருக்காக ஜெயிக்க நினைத்தவள், அவரையே வீழ்த்திவிட்டாள்.

ஆனால் அருமைநாயகம் சிரித்தார். பல்லெல்லாம் தெரியும் சிரிப்பு. ராணி அதை அதுவரை கண்டதே இல்லை.

"கெட்டிக்காரி!" என்றார் அவர். "நல்லா மடக்கிப்போட்டாய், பிள்ளை."

யோகமலருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "நாளைக்கு வந்து என்னை மடக்குங்கோ, ஐயா."

அவர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். தோற்றாலும், அன்றைக்குத்தான் எதிரே நின்று ஒருவர் தன்னோடு விளையாடியதாக அவருக்குத் தோன்றியது.