ராஜாவின் முதுகும் சடைச்சியின் நுங்கும்

யோவ், உன்னைத்தான்! பேரைச் சொல்ல மாட்டேன், உனக்கே தெரியும். என் தர்பூசணிக் கடை வந்த பிறகுதான் தெருக் கிணறு வற்றிப்போச்சு, நான் ராசி கெட்டவன் என்று கிணற்றடியில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினாயே? வாயா அது, தாழ்ப்பாள் இல்லாத கதவா? உட்கார். ஒரு கதை சொல்கிறேன். பாதியில் எழுந்து போனாயோ, தெரியும் சேதி.

வெகுகாலத்துக்கு முன்னால் வெண்கரை நாட்டைத் திருமேனிவர்மன் என்றொரு ராஜா ஆண்டான். நல்லவன்தான். ஆனால் சித்திரை வெயில் வந்தால் முதுகெல்லாம் வேர்க்குரு! சிம்மாசனத்துச் சிங்கத் தலையில் முதுகைத் தேய்த்துக்கொண்டேதான் தீர்ப்புச் சொல்வான். இதமாக இருந்தால் விடுதலை, எரிந்தால் சிறை.

அரண்மனை வாசலில் சடைச்சி என்ற பெண் நுங்கு விற்றாள். அந்த இடத்தைக் கொடுத்தவர் அமைச்சர் ஆதிமூலம். அமைச்சர் எதைச் செய்தாலும் வயிறெரிகிற ஆள் ஒருவர் சபையில் இருந்தார், கனகராயர். போதாததற்கு ஓசி நுங்கு கேட்டுப் போய், "காசை வச்சுட்டுக் குலையைத் தொடுங்க சாமி" என்று சடைச்சியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

அவர் ஒருநாள் சபையில் எழுந்தார்.

"மகாராஜா! மார்கழியில் நுங்கு உண்டா?"

"இல்லை."

"வேர்க்குரு உண்டா?"

"இல்லை."

"சித்திரையில் சடைச்சி குலையை இறக்குகிறாள், உங்கள் முதுகு பொரிகிறது. கடையைக் கட்டுகிறாள், முதுகு ஆறுகிறது. வருஷா வருஷம் இதே கதை. இன்னும் என்ன சாட்சி வேண்டும்?"

ராஜா சிங்கத் தலையில் ஒரு தேய் தேய்த்தான். எரிந்தது.

"பிடியுங்கள் அவளை! நாளைக்கே நாடு கடத்துங்கள்!"

இழுத்துவந்தார்கள். "நான் வெட்டுறது நுங்கை சாமி, உங்க முதுகையா வெட்டுறேன்?" என்று கத்தினாள் சடைச்சி. "இந்தக் கடையை விட்டா என் பிள்ளைங்களுக்குச் சோறு ஏது?"

ஆதிமூலம் மெதுவாக எழுந்தார். அவளுக்காக வாதாடுவார் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"ராயர் சொல்வது சரிதான் மகாராஜா. ஆனால் இன்னொரு குற்றவாளியும் இருக்கிறார். பனிக்காலம் பூரா ராயர் தலைப்பாகையும் கம்பளிச் சால்வையுமாக வருகிறார். சித்திரையில் இரண்டையும் கழற்றுகிறார். அவர் வழுக்கை வெளியே வந்ததும் உங்கள் முதுகு பொரிகிறது. மூடியதும் ஆறுகிறது. வருஷா வருஷம் இதே கதை."

ராஜா அந்த வழுக்கையை முறைத்தான். அது பளபளத்தது.

"அடப்பாவி! மூடு அதை!"

தலைப்பாகையைக் கட்டி, சால்வையைச் சுற்றி, ராஜாவின் முதுகு ஆறும்வரை நிற்கச்சொல்லி ராயரை முற்றத்து வெயிலில் நிறுத்தினார்கள். ராயர் நெளிந்தார். தூணில் உரசினார். கடைசியில் அலறினார்.

"மகாராஜா, அரிக்கிறதே!"

"எனக்கும்தான் அரிக்கிறது. இன்னும் நன்றாக மூடு!"

"என் தலையை மூடினால் உங்கள் முதுகு எப்படி ஆறும்? வெயிலுக்காக நான் துணியைக் கழற்றினேன். அதே வெயிலில் உங்கள் முதுகு பொரிந்தது. நடுவில் என் வழுக்கை என்ன பாவம் பண்ணியது?"

"அதே வெயில் காலத்தில்தானே நுங்கும் வருகிறது?" என்றார் ஆதிமூலம். "சேர்ந்து வந்ததாலேயே ஒன்று மற்றொன்றைக் கொண்டுவந்தது என்று ஆகிவிடுமா ராயரே?"

ராஜா விடவில்லை. "வழுக்கையை விடும். நுங்கு நிரபராதி என்று எப்படி நம்புவது?"

"முதுகும் ஒன்று, வெயிலும் ஒன்று. இடப் பாதிக்கு மட்டும் நுங்கு நீர் தடவுவோம். நுங்குதான் காரணமென்றால் அந்தப் பக்கம் அதிகமாகப் பொரியட்டும்."

ராஜாவின் முதுகு நடுவே சந்தனத்தால் ஒரு கோடு கிழித்தார்கள். சடைச்சி தடவினாள். "அசையாதீங்க சாமி, கோடு தாண்டுது!"

மாலைக்குள் இடப் பக்கம் குளுகுளுவென்று அடங்கிவிட்டது. வலப் பக்கத்தை மட்டும் சிங்கத்தில் தேய்த்துத் தேய்த்து ராஜா கோணலாக உட்கார்ந்திருந்தான்.

"இந்தப் பக்கம் மட்டும் எனக்கு மாற்றாந்தாய்ப் பிள்ளையா? தடவம்மா தாயே!"

சடைச்சிக்கு அதே வாசலில் நிழல் பந்தல். ஆதிமூலத்துக்கு ராஜாவின் கைமோதிரம். ராயருக்கு? அதே தலைப்பாகை, அதே சால்வை, தலைமேல் நுங்குக் குலை. "வெயில்தான் காரணம், நுங்கு இல்லை!" என்று தெருத் தெருவாகக் கூவிவரச் சொன்னான் ராஜா. கூவி முடித்து, முதுகைச் சொறிந்துகொண்டே ராயர் கடைக்கு வந்து கையை நீட்டினார்.

"காசை வச்சுட்டுக் குலையைத் தொடுங்க சாமி."

கேட்டாயா? கிணறு வற்றியது வெயிலில். நான் பழம் விற்பதும் வெயிலில். பின்னே, அடைமழையில் விற்க நான் என்ன மடையனா? எழுந்திரு. அதே கிணற்றடிக்குப் போ. அன்றைக்குக் கத்தினாயே, அதே தொண்டையில் கத்து: "கிணறு வற்றினதுக்குக் கடைக்காரன் காரணம் இல்லை!" எனக்கு இங்கே கேட்க வேண்டும். அதுவரை ஒரு பழத்தைத் தொடாதே. கத்திவிட்டு வா, தருகிறேன். பேரம் மட்டும் பேசிப் பார், அப்புறம் இருக்கிறது உனக்கு!