புள்ளி பிடுங்கிய மூவர்

பல்லடத்துக்குப் பக்கம் நாச்சியம்மா ஓர் அச்சகம் நடத்தி வந்தார். அவருக்கு வாய்த்த வேலையாட்கள் மூவர்: செங்கோடன், ஓதியப்பன், குழந்தைவேலு. மூவரும் சொன்ன சொல் தட்டாதவர்கள். அதுதான் சங்கடமே.

எழுத்துக் கோக்க அங்கே இரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன, ஒன்று பழசு, ஒன்று புதுசு. வரியின் தலையில் ஒரு புள்ளி வைத்துப் பக்கத்தில் ‘தடி’ என்று அடித்தால், அந்த வரி தடித்த எழுத்தில் வரும். இந்தக் குறி இரண்டுக்கும் தெரியும். புதுசுக்கு மட்டும் ‘அலறு’ என்று இன்னொரு குறியும் தெரியும். எச்சரிக்கை வரியைப் பெரிதாக, சிவப்பாகப் போடும். பழசு அப்படியில்லை. தெரியாத குறியைப் பார்த்தால் வரியோடு சேர்த்து விழுங்கிவிட்டுச் சாதுவாக இருக்கும்.

விவசாயக் கண்காட்சிக்காக ஒரு பம்புசெட் கம்பெனி விளக்கப் புத்தகம் கேட்டிருந்தது. அதை ஏற்றிப்போக அன்று சாயங்காலம் வண்டி வரும். பழசில் எடுத்த பக்கத்தை நாச்சியம்மா வாசித்தார்: ‘ஈரக் கையோடு மோட்டாரைத் தொடலாம்’.

அவர் கையெழுத்துப் பிரதியை எடுத்துப் பார்த்தார். அடுத்த வரி ‘என்று நினைக்கவே கூடாது’. அதற்கு ‘அலறு’ போட்டிருந்தார்கள். பழசு விழுங்கிவிட்டது.

“ஊரையே கொல்லப் பாக்கறீங்களாப்பா? ரெண்டு மிஷினும் ஒத்துப்போகோணும். பழசுக்குத் தெரியாததைப் போடாதீங்க. அலறை எடுத்துட்டுத் தடி போடுங்க!”

சிறிது நேரம் கழித்து வந்து பார்த்தால், பழசின் தலையில் ஒரு மூங்கில் தடி கிடந்தது. புதுசின் தலையில் இன்னொன்று.

“பழசுக்குத் தெரியுமான்னு கேட்டுட்டுத்தான் போட்டோமுங்க அக்கா,” என்றான் செங்கோடன். “தடியை முன்னால நீட்டினேன். திரைக் கண்ணாடியில தெரிஞ்சுதுங்க.”

“புதுசுலயும் தெரிஞ்சுதுங்க,” என்றான் ஓதியப்பன். “ரெண்டும் ஒத்துப்போயிருச்சு.”

நாச்சியம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். “உங்களுக்குக் குறியே வேண்டாஞ்சாமி! அந்தப் புள்ளிகளை எல்லாம் எடுத்துப்போட்டு, ‘மோட்டாரைத் தொடக் கூடாது’ன்னு வெறும் எழுத்தாவே அடிங்க!”

எடுத்தார்கள். வரியின் தலையில் இருந்ததை மட்டுமல்ல; எழுத்தின் தலையில் இருந்ததையும். ‘மோடடாரைத தொடக கூடாது’ என்று வந்தது. தண்ணீர் ‘தணணீர’ ஆகியிருந்தது.

“எழுத்து மேல இருந்ததை எதுக்குடா எடுத்தீங்க? வண்டி வர்ற நேரமாச்சு! திரும்ப வைங்க!” என்று கத்திவிட்டு, வண்டிக்காரரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்ல ஓடினார்.

மூவரும் கன்னத்தில் கை வைத்து யோசித்தார்கள்.

“எந்தப் புள்ளி எந்த எழுத்தோடதுன்னு ஆருக்குத் தெரியும்?” என்றான் குழந்தைவேலு. “மாத்தி வெச்சா எழுத்துக்குள்ள சண்டை வந்துரும்.”

“ஒண்ணுக்குக் குடுத்து ஒண்ணுக்குக் குடுக்காம விட்டா பாவம்,” என்றான் ஓதியப்பன்.

“அப்ப எல்லாத்துக்கும் ஆளுக்கொண்ணு,” என்று தீர்ப்புச் சொன்னான் செங்கோடன். “காலு, கொம்பு, சுழி இருக்கற எழுத்துல புள்ளி நிக்காது. அதையெல்லாம் சீவிவிடு.”

சீவினார்கள். வைத்தார்கள். நாச்சியம்மா மூச்சிரைக்க வந்து பக்கத்தைப் பிடுங்கி, வாய்விட்டு வாசித்தார்.

“ம்ட்ட்ர்த்… த்ட்க்… க்ட்த்…”

அவரால் நம்ப முடியவில்லை. மறுபடி முதலிலிருந்து, இன்னும் வேகமாக, இன்னும் சத்தமாக வாசித்தார். “ம்ட்ட்ர்த்-த்ட்க்-க்ட்த்! ட்ர்ர்ர்ர்…!” கோபத்தில் உடம்பெல்லாம் கிடுகிடுவென்று ஆடியது.

மூவரின் முகமும் மலர்ந்தது.

“புஸ்தகம்னா இதல்லவா புஸ்தகம்!” என்றான் செங்கோடன். “படிச்சதுமே மோட்டார் ஓடுது பாருங்கடா!”

குழந்தைவேலு பாய்ந்து போய் ஒரு பக்கெட்டைக் கொண்டுவந்து நாச்சியம்மாவின் முகவாய்க்கு நேரே பிடித்தான். ஓதியப்பன் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் கவலையோடு சொன்னான்:

“இன்னும் தண்ணி வரலீங்களே. உள்ள காத்து அடைச்சிருக்குமோ? அக்காவைக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்கடா.”