கை யாரைக் கேட்டது?

மின்சார அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற வைத்திலிங்கம், அறுபத்தோரு வயதில் மடத்துக்குச் சீடராக வந்து சேர்ந்தார். எல்லோரும் சாமி என்று அழைத்த குருவுக்கு வயது நாற்பதுதான். காவி கட்டுவதற்கு முன் நரம்பு மருத்துவராக இருந்தவர்.

புதுச் சீடர் சும்மா உட்காரமாட்டார் என்று கண்டுகொண்ட சாமி, சமையல்கட்டை அவர் பொறுப்பில் விட்டார். முதல் நாளே வைத்திலிங்கம் ஒரு சட்டம் போட்டார். உப்புப் போடுவதானாலும் சரி, விறகைத் தள்ளுவதானாலும் சரி, அவரைக் கேட்காமல் ஒரு கை அசையக்கூடாது. முப்பது வருடம் கோப்பில் கையெழுத்துப் போட்டவர், லேசில் மாறுவாரா?

குருபூஜைக்கு முந்தின நாள் காலையில் வினை வந்தது. மறுநாள் முந்நூறு பேருக்கு இலை போடவேண்டும். அடுப்பில் பால் பொங்கி வந்தது. விறகை வெளியே இழுக்கலாமா என்று கேட்டுவர ஆளனுப்பிவிட்டு, தலைமைச் சமையல்காரர் செங்கமலம் கையைக் கட்டிக்கொண்டு காத்து நின்றார். ஆள் திரும்புவதற்குள் பால் பொங்கி வழிந்து, அடுப்பில் பாதியும் செங்கமலத்தின் மணிக்கட்டில் கொஞ்சமுமாகக் கொட்டியது. ஓடிவந்த வைத்திலிங்கம், எத்தனை லிட்டர் போயிற்று என்று நாலு பேர் முன்னால் கேட்டார்.

செங்கமலம் தம் அறைக்குப் போனார். துணிமணிகளைப் பையில் அடைக்க ஆரம்பித்தார். நாலு மணி பஸ்ஸில் ஊருக்குப் போகிறாராம்.

அந்த அம்மா போய்விட்டால் நாளைக்கு வெறும் இலைதான். வைத்திலிங்கம் நேராகச் சாமியிடம் ஓடினார்.

"உடம்புல மூளை உத்தரவு போடுது, கை கால் கேக்குது. நானும் அப்படித்தானே நடத்துறேன், சாமி? இங்க மட்டும் ஏன் எல்லாம் தாறுமாறா போகுது?"

சாமி அவரைச் சமையல்கட்டுக்கே அழைத்துப்போனார். கொதித்துக்கொண்டிருந்த சுக்குக் காப்பியை எவர்சில்வர் டம்ளரில் விளிம்புவரை ஊற்றி, முதலில் இதைக் குடியுங்கள் என்று முன்னால் வைத்தார். பேச்சு மும்முரத்தில் வைத்திலிங்கம் டம்ளரைப் பிடித்தார். கை வெடுக்கென்று திரும்பி வந்தது. "அப்பா" என்ற சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது.

கிளம்பத் தயாராகப் பையோடு மூலையில் உட்கார்ந்திருந்த செங்கமலம் எழுந்து, ஒரு கிண்ணத்தில் தண்ணீர் மொண்டுவந்து நீட்டினார். வைத்திலிங்கம் விரல்களை அதில் முக்கிக்கொண்டார்.

"கையை எடுக்கலாமான்னு யாரைக் கேட்டீங்க?" என்றார் சாமி.

"கேக்க ஏது சாமி நேரம்? அதுவா வந்துடுச்சு."

சாமி சிரித்தார். சூடு பட்ட சேதி நரம்பு வழியாக முதுகுத்தண்டுக்குப் போகும், 'எடு' என்ற உத்தரவு அங்கிருந்தே கைக்குத் திரும்பிவிடும், மூளைக்குத் தகவல் போய்ச் சேர்வதற்குள் கை தப்பித்திருக்கும் என்று விளக்கினார்.

"என்னைக் கேக்காம எப்படி எடுத்தேன்னு உங்க மூளை கைக்கு மெமோ கொடுத்துச்சா?"

செங்கமலம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வைத்திலிங்கத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் பழைய கண்காணிப்பாளர் விடுவதாக இல்லை.

"அப்ப மூளைக்கு என்னதான் வேலை, சாமி?"

"நிறைய இருக்கு. நாளைக்கு முந்நூறு பேர் வராங்கன்னு கையா யோசிக்கும்? ஆனா ஒண்ணு. கையில சுட்டா, வலி மூளைக்குத்தான் தெரியும்." சாமி டம்ளரைத் துணியால் பிடித்து எடுத்துக்கொண்டார். "காலையில இந்த அம்மா கையில பால் கொட்டுச்சே, உங்களுக்கு வலிச்சுதா?"

வைத்திலிங்கம் அப்போதுதான் கிண்ணத்தை ஏந்தியிருந்த கையைப் பார்த்தார். மணிக்கட்டில் கற்றாழை தடவியிருந்தது. அவருக்கு வெட்கமாகப் போயிற்று.

"ரொம்ப எரியுதாம்மா?" என்று கேட்டார்.

"இப்பப் பரவாயில்லைங்க" என்றார் செங்கமலம்.

வைத்திலிங்கம் மூலையில் கட்டிவைத்திருந்த பையைத் தூக்கினார். யாரையும் கேட்காமல், அதைச் செங்கமலத்தின் அறையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.