நாய் வீட்டார் கேட்ட கேள்விகள்

முன்னொரு காலத்தில் வேங்கைமலை நாட்டை அதிரவன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் நினைத்தது நினைத்த நேரத்தில் நடந்தாக வேண்டும். காலையில் மயில் வளர்க்க வேண்டும் என்பார். மாலையில் அதன் குரல் பிடிக்கவில்லை என்று காட்டுக்கே அனுப்பிவிடுவார்.

அவருக்கு ஒரே மகள், நன்முல்லை. ஏழு வயது. கைக்குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிப்போனதால் சாய்ந்து சாய்ந்துதான் நடப்பாள். போன வருடம் மகாராணி இறந்த பிறகு அந்த நடையும் நின்றுபோனது. அறையைவிட்டு வெளியே வருவதே இல்லை. ராஜா வாசற்படியில் நின்று, "என்ன வேண்டும் கண்ணே?" என்பார். அவள் ஒன்றும் வேண்டாம் என்று தலையாட்டுவாள். அதற்கு மேல் என்ன பேசுவதென்று அவருக்குத் தெரியாது. வேலை இருக்கிறது என்று போய்விடுவார்.

ஒருநாள் அவளே வாய் திறந்தாள். "அப்பா, எனக்கு ஒரு நாய் வேண்டும்."

ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. சபைக்கு ஓடினார். "நாட்டிலேயே சிறந்த நாய் நாளைக்குள் வந்தாக வேண்டும்!"

சபையில் வச்சிரபாகு என்று ஒரு தளபதி. மந்திரி பூதனாரின் ஆசனத்தின்மேல் அவனுக்கு வெகுநாளாக ஒரு கண். மறுநாளே கன்றுக்குட்டி உயரத்தில் ஒரு வேட்டைநாயைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

"அரசே, இவன் பெயர் இடிமுழக்கம். காட்டுப்பன்றியைத் தனியாக மறித்து நிறுத்துவான். அரச குடும்பத்துக்கு இவனை விட்டால் வேறு யார்?"

ராஜா கைதட்டினார். பூதனார் மட்டும் தாடியைத் தடவினார். "சிறந்த நாய்தான். யாருக்குச் சிறந்தது என்றுதான் யோசிக்கிறேன்."

"மந்திரியார் நாய்க்கும் ஜாதகம் பார்ப்பார் போலிருக்கிறது!" என்று வச்சிரபாகு சிரித்தான். "அப்படியானால் மூன்று நாளில் இதைவிடப் பொருத்தமான நாயைக் கொண்டுவரட்டும். முடியாவிட்டால் ஆசனத்தைவிட்டு இறங்கட்டும்."

வேடிக்கை என்றால் ராஜாவுக்கு உயிர். "பலே! அப்படியே ஆகட்டும்!" என்றுவிட்டார்.

மறுநாள் பூதனார் தாம்பூலத் தட்டோடு அந்தப்புரத்துக்கு வந்தார். "அரசே, நாய் வீட்டார் சார்பில் சம்பந்தம் பேச வந்திருக்கிறேன். மாப்பிள்ளை வீட்டைப் பற்றி நாலு வார்த்தை விசாரிக்க வேண்டும்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "கேளும், கேளும்!"

"பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்?"

"குழந்தை இருப்பாள்."

"சாப்பாடு யார் போடுவார்கள்?"

"நான்தான்!" என்றது உள்ளேயிருந்து ஒரு சின்னக் குரல்.

"குழந்தை எவ்வளவு வேகமாக நடப்பாள்?"

ராஜாவின் சிரிப்பு குறைந்தது. "மெதுவாக... மிக மெதுவாக."

"மாலையில் குடும்பத்தார் சேர்ந்து உட்காருவது உண்டா? கடைசியாக அரசர் குழந்தையோடு எப்போது சாப்பிட்டார்?"

ராஜா விரல்விட்டு எண்ணினார். போன மாதமா? அதற்கு முந்தின மாதமா? அவருக்கு நினைவில்லை. முகம் சிவந்துவிட்டது. பூதனார் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் வணங்கிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் அரண்மனைத் தோட்டத்தில் சபையே கூடியது. பூதனார் கொண்டுவந்த நாயைப் பார்த்ததும் ஒரே சிரிப்பு. பழுப்பு நிறம், ஒரு காது மடிந்து கிடந்தது, மூக்கோரம் நரைத்திருந்தது. "சந்தையில் பூ விற்ற சடையப்பருடைய நாய். பெயர் செவலை. அவருக்குக் கண் தெரியாது, இதுதான் கூடவே நடந்து வழிகாட்டும். போன மாதம் அவர் இறந்த பிறகு சத்திரத்து வாசலில் கிடந்தது," என்றார் மந்திரி.

"இந்தக் கிழமா இடிமுழக்கத்தோடு போட்டி போடப்போகிறது?" என்றான் வச்சிரபாகு.

"போட்டி மிகச் சுலபம், தளபதியாரே. இளவரசியின் நடைக்கு நடை ஒத்து, நாயோடு தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். குழந்தையின் கையில் முதலிலேயே கயிற்றைக் கொடுக்க எனக்குப் பயம். நீங்களே முதலில் நடந்து காட்டுங்கள். வேகம் கூடாது என்பதற்காக, இந்தப் பால்கிண்ணம் கையில் இருக்கட்டும். ஒரு சொட்டும் சிந்தக் கூடாது."

வச்சிரபாகு மீசையை முறுக்கிக்கொண்டு கிளம்பினான். பத்து அடி நடந்திருப்பான். புதரில் ஒரு அணில் ஓடியது. அவ்வளவுதான்! இடிமுழக்கம் பாய்ந்த பாய்ச்சலில் கிண்ணம் ஒரு பக்கம், தலைப்பாகை ஒரு பக்கம், தளபதி தாமரைக் குளத்துக்குள். தோட்டத்தை ஒட்டிய தன் அறை வாசலிலிருந்து எட்டிப் பார்த்த நன்முல்லை கலகலவென்று சிரித்தாள். ராஜா திரும்பிப் பார்த்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு ஒரு வருடமாகியிருந்தது.

பூதனார் செவலையை அந்த வாசலுக்கே கூட்டிப்போய், கயிற்றை அவள் கையில் கொடுத்தார். அவள் ஒரு அடி வைத்தாள். நாயும் ஒரு அடி வைத்து நின்றது, திரும்பி அவளைப் பார்த்தது. அடுத்த அடி வைத்ததும் அதுவும் நகர்ந்தது. மேடு வந்த இடத்தில் குறுக்கே நின்றுகொண்டது. அவள் அதன் முதுகில் கையை ஊன்றி ஏறினாள். அணில் மறுபடியும் ஓடியது. செவலை காதை மட்டும் அசைத்தது.

அப்படியே நடந்து, அம்மா நட்ட பவழமல்லி மரம்வரை போய்விட்டாள். அங்கே உட்கார்ந்து நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அம்மாவும் இப்படித்தான் நின்று நின்று வருவாள்," என்று அதன் காதில் சொன்னாள்.

பின்னாலேயே வந்திருந்த ராஜாவுக்கு அது கேட்டது. சபை முன்னால் அழக் கூடாது என்று எவ்வளவோ முயன்றார், முடியவில்லை.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். "வச்சிரபாகு, நாய்மேல் தப்பில்லை. அது ஓடப் பிறந்தது. மலை வேடர்களிடம் கொண்டுபோய் விடு. குதிரை வேண்டாம், அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தே போ." ஈரம் சொட்டச் சொட்டத் தளபதி கிளம்பினான். நடந்தான் என்று சொல்ல முடியாது, இழுபட்டான்.

"பூதனாரே, உமக்கு என்ன வேண்டும்?"

"எனக்கு ஒன்றும் வேண்டாம், அரசே. நாய் வீட்டார் மட்டும், மாலையில் குடும்பம் சேர்ந்து சாப்பிட வேண்டும் என்கிறார்கள்."

அன்று மாலை இரண்டு நாட்டுத் தூதர்கள் சபையில் காத்திருந்தார்கள். ராஜா பவழமல்லி மரத்தடியில் சம்மணமிட்டு, மகளுக்கு ஒரு வாய், தனக்கு ஒரு வாய், செவலைக்கு ஒரு வாய் என்று சோறு உருட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, உங்களுக்கு வேலை இல்லையா?" என்று கேட்டாள் நன்முல்லை.

"ஒரு வேலையும் இல்லை கண்ணே," என்றார் ராஜா.